அமெரிக்க அரசியல் மேடையில் மேட்டிமைப் பழி

‘உயர்ந்தோர்’ என்பது தமிழில் மதிப்புக்குரிய சொல். எது வழக்கு, எது வழு என்று முடிவு செய்ய வேண்டிய இடங்களில் நம் இலக்கண நூலார் உயர்ந்தோரையே சான்றாகக் கொண்டனர். ஒருவரை நோக்கி, ‘நீர் உயர்ந்தோருள் ஒருவர்’ என்றால் அவர் மகிழ்வாரேயன்றிச் சினங்கொள்ளார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே தேர்தலுக்கு நிற்கும் ஒருவர்மீது அதே பொருளுடைய சொல்லை எதிராளி வீசினால், அந்த மனிதர் அதைத் துடைத்துக்கொள்ளப் படாத பாடு படுகிறார். முன்னோர் பிறந்த மரக்குடிசையைத் தேடிப் பிடிக்கிறார். கற்ற மொழிகளை மறைக்கிறார். பழக்கமில்லாத உணவைப் பத்திரிகைக்காரர் முன்னிலையில் உண்டு காட்டுகிறார். ‘எலீட்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு வேர்ப்பொருள் ‘தெரிந்தெடுக்கப்பட்டது’ என்பதாம். மக்களால் தெரிந்தெடுக்கப்பட வேண்டி ஊர் ஊராக அலைபவர் அந்தப் பெயருக்கே அஞ்சி நடுங்குவது வேடிக்கையான காட்சி.

நம் காலனியில் மகனோ மகளோ பேரப்பிள்ளைகளோ அமெரிக்காவில் வாழும் குடும்பங்கள் உண்டு. தேர்தல் ஆண்டு வந்தால் அவர்கள் வாயிலாகவும் செய்தித்தாள்கள் வாயிலாகவும் ‘எலிட்டிஸம்’ என்னும் சொல் நம் காதிலும் விழுகிறது. அதனை நாம் இக்கட்டுரையில் ‘மேட்டிமை’ என்று வழங்குவோம். மேட்டுக்குடியில் பிறந்திருப்பது ஒரு நிலை. மேட்டிமை என்பது ஒரு மனப்பான்மை. பணத்தையும் பதவியையும் அமெரிக்க வாக்காளர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார். ‘இவன் நம்மை இளக்காரமாகப் பார்க்கிறான்’ என்ற எண்ணம் எழுந்துவிட்டால் பொறுப்பதில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு பார்த்தால், ஏறத்தாழ 200 ஆண்டு வரலாற்றில் விளங்காத பல விளங்கும்.

அந்நாடு பிறந்தபோதே பட்டப்பெயர்களின்மேல் வெறுப்பும் உடன் பிறந்தது. 1787-ல் வகுக்கப்பட்ட அரசியலமைப்பு, பிரபுப் பட்டம் எதனையும் அரசு வழங்கலாகாது என்று விதித்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்னர், விடுதலைப் போரில் பங்குகொண்ட படைத் தலைவர்கள் ‘சின்சினாட்டி சங்கம்’ என்ற ஒன்றை நிறுவி, அதன் உறுப்புரிமை தந்தைக்குப்பின் மூத்த மகனைச் சேரும் என்று விதி செய்தபோது, பரம்பரைப் பிரபுக்கள் கொல்லைப்புற வழியாக நுழைகின்றனர் என்று பெருங்கூச்சல் எழுந்தது. 1789-ல், ஜனாதிபதியை எவ்வாறு விளிப்பது என்ற கேள்வி ஸெனட் சபையில் வந்தது. துணை ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் நீண்டதொரு கௌரவப் பட்டம் வேண்டுமென்று வாதாடினார். பருத்த உடலினரான அவருக்கே ‘மாட்சிமை தங்கிய உருண்டையார்’ என்னும் பொருள்படச் சிலர் பட்டம் சூட்டிவிட்டனர். ஜனாதிபதிக்குக் கிடைத்தது வெறும் ‘மிஸ்டர்’.

அந்த ஜான் ஆடம்ஸின் மைந்தர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ். மேட்டிமைப் பழி முழு வடிவம் பெற்று இறங்கியது அவர் தலையில்தான். ஆகவே அவர் கதையைச் சற்று விரித்துரைப்போம். இளமையிலேயே தந்தையாருடன் ஐரோப்பா சென்றவர், ஹார்வர்டில் சொற்கலைப் பேராசிரியராக அமர்ந்தவர், ஹாலந்து, பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் தூதராக இருந்தவர், பன்மொழி அறிந்தவர். 1824 தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். தேர்வாளர் வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்ஸனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, மற்ற இருவருக்கும் சேர்த்து 78. எவருக்கும் பெரும்பான்மை இல்லாமையால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. 1825 பிப்ரவரியில் சபை ஆடம்ஸைத் தெரிந்தெடுத்தது. சபைத் தலைவராயிருந்த ஹென்றி கிளே ஆடம்ஸை ஆதரித்தார். ஆடம்ஸ் அவரை வெளிநாட்டு அமைச்சராக்கினார். ‘ஊழல் பேரம்’ என்று ஜாக்ஸன் கட்சியார் நான்கு ஆண்டும் முழங்கினர். மக்கள் மிகுதியாக ஆதரித்தவரை விட்டு, தலைநகரில் கூடிய சிலர் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டனர் என்பது அவர்கள் குறை. அதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

அவ்வாண்டு டிசம்பரில் ஆடம்ஸ் காங்கிரஸ் சபைக்கு அனுப்பிய செய்தியில் சாலைகள், கால்வாய்கள், தேசியப் பல்கலைக்கழகம், வானாராய்ச்சி நிலையம் ஆகியவை வேண்டுமென்று கேட்டார். ஐரோப்பாவில் 130-க்கு மேற்பட்ட வானாராய்ச்சி நிலையங்கள் இருக்க, அமெரிக்காவில் ஒன்றேனும் இல்லையே என்று வருந்தினார்; அவற்றை வானத்துக் கலங்கரை விளக்கங்கள் என்று வருணித்தார். அத்துடன் நின்றிருக்கலாம். வாக்காளரின் விருப்பத்தைக் காரணம் காட்டி நாம் கைகட்டி இருந்துவிடலாகாது என்ற கருத்துப்படவும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். கலங்கரை விளக்கம் நகைப்புக்கு இடமாயிற்று. அந்த வாக்கியம் மேட்டிமைக்குச் சான்றாயிற்று. ஏளனம் நெடுநாள் நீடித்தது. அவர் பதவி நீங்கிய பின்னர், 1832-ல் கடற்கரை அளவைக்கென ஒரு சட்டம் இயற்றிய காங்கிரஸ், இதனைக்கொண்டு நிலையான வானாராய்ச்சி நிலையம் எதுவும் கட்டலாகாது என்று அச்சட்டத்திலேயே எழுதிவைத்தது!

இவற்றைவிட ஊர் மக்களைக் கவர்ந்தது ஒரு பில்லியர்ட்ஸ் மேஜையின் கதை. வெள்ளை மாளிகைக்கு வாங்கிய பொருள்களின் கணக்கில், செயலாளராயிருந்த அவர் மகனின் கவனக்குறைவால், சுமார் 50 டாலர் விலையுள்ள மேஜை ஒன்றும் அதற்கான கோலும் பந்துகளும் இடம்பெற்றுவிட்டன. பணத்தை ஆடம்ஸ் தம் கையிலிருந்தே கொடுத்திருந்தார். யார் கேட்டார்கள்? பொதுப்பணத்தில் அரண்மனைச் சூதாட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. வீட்டுக்கொரு பில்லியர்ட்ஸ் மேஜை இல்லாத உழவருக்கு அது விளங்கும் குற்றச்சாட்டாக இருந்தது. வெளிநாட்டு உறவு, வரி விகிதம் ஆகியவற்றில் ஆடம்ஸ் செய்த பிழைகள் அவ்வளவு எளிதாக விளங்கா.

1828-ல் ஆடம்ஸுக்கு எழுதத் தெரியும், ஜாக்ஸனுக்குப் போரிடத் தெரியும் என்னும் பொருளில் ஒரு முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. வாக்களித்தோர் 1824-ல் சுமார் 3½ லட்சம். 1828-ல் 11 லட்சத்துக்கு மேல். ஜாக்ஸன் 178-க்கு 83 என வென்றார். 1829 மார்ச் 4-ல் பதவியேற்பைக் காண வந்த கூட்டம் வெள்ளை மாளிகைக்குள் புகுந்து, சேற்றுக் காலணியுடன் நாற்காலிகள்மேல் ஏறி நின்றது; கண்ணாடிப் பாத்திரங்கள் நொறுங்கின; பானத் தொட்டிகளைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றுதான் கூட்டத்தை வெளியேற்ற முடிந்தது.

யார் இந்த ஜாக்ஸன்? பதினான்கு வயதில் தாயையும் இழந்து அநாதையானவர், தம் முயற்சியால் உயர்ந்தவர், இவை மெய். ஆனால் ஜனாதிபதியானபோது அவர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் ஸெனட்டராகவும் இருந்து முடித்தவர். டென்னஸியில் ‘ஹெர்மிட்டேஜ்’ என்னும் பெரும்பண்ணைக்கு உரியவர். ஏறத்தாழ நூறு அடிமைகளை உடைமையாகக் கொண்டவர். ஆடம்ஸோ அரசாங்கச் சம்பளத்தைப் பெரிதும் நம்பி வாழ்ந்தவர். செல்வத்தை அளந்து பார்த்தால் தராசு வேறு பக்கம் சாயும். மக்கள் அளந்தது செல்வத்தை அன்று.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1833-ல் ஹார்வர்டு ஜாக்ஸனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ஆடம்ஸ் அவ்விழாவுக்குச் செல்ல மறுத்தார். இலக்கணப் பிழையின்றி ஒரு வாக்கியம் எழுதவும் தெரியாத முரடனுக்குத் தம் பல்கலைக்கழகம் பட்டம் அளித்துத் தன்னை இழிவுபடுத்திக்கொள்வதைக் காணச் சகியேன் என்ற கருத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆக, எதிரிகள் அவர்மீது சாட்டிய குற்றத்துக்கு ஆதாரம் அவர் நெஞ்சுக்குள் இருக்கத்தான் இருந்தது. பில்லியர்ட்ஸ் மேஜையில் அது இல்லை.

‘சாமானிய மனிதன்’ என்று ஜாக்ஸன் காலத்தில் வழங்கிய சொல்லுக்குள் யார் யார் அடங்கினர் என்பதையும் கேட்க வேண்டும். சொத்துள்ளவருக்கே வாக்கு என்றிருந்த விதியை மாகாணங்கள் ஒவ்வொன்றாக நீக்கிவந்த காலம் அது. நியூயார்க் 1821-ல் வகுத்த அமைப்பில் வெள்ளையருக்கு அவ்விதி தளர்ந்தது. கறுப்பு மனிதருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றாயிற்று. பென்ஸில்வேனியா 1838-ல் ‘வெள்ளையர்’ என்ற சொல்லைப் புகுத்திக் கறுப்பரின் வாக்குரிமையையே பறித்தது. 1830-ல் ஜாக்ஸன் கையொப்பமிட்ட சட்டத்தால் செரோக்கி முதலிய பழங்குடிகள் தம் மண்ணைவிட்டு மேற்கே துரத்தப்பட்டனர். முகாம்களிலும் வழியிலும் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. உயர்ந்தோரை எதிர்க்கும் கொடியின்கீழ், தமக்குக் கீழே உள்ளோரை மிதிப்பதும் இயலும் என்பதற்கு இக்காலமே சான்று. அந்நாட்டு வரலாற்றில் இந்த இரட்டைப் போக்கு மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்போம்.

ஜாக்ஸன் கட்சியார் செதுக்கிய ஆயுதத்தை எதிர்க்கட்சியான விக் கட்சியார் பன்னிரண்டு ஆண்டுக்குப்பின் அவர்கள் மேலேயே திருப்பினர். 1840 தேர்தலைப் போன்ற கேலிக்கூத்து அமெரிக்க வரலாற்றிலேயே குறைவு; அதனை எவ்வளவு படித்தாலும் நமக்கு அலுப்பதில்லை. பதவியிலிருந்த ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன், கிண்டர்ஹுக் என்னும் சிற்றூரில் சத்திரம் நடத்தியவரின் மகன். எதிர்த்து நின்ற வில்லியம் ஹென்றி ஹாரிஸன் வர்ஜீனியாவின் பழம்பெருங்குடியில், பெரும்பண்ணை மாளிகையில் பிறந்தவர். தந்தை சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர், வர்ஜீனியாவின் கவர்னர். இவ்விருவருள் எவர் ஏழைப் பங்காளர், எவர் பிரபு என்று கேட்டால் குழந்தையும் விடை சொல்லும். தேர்தல் சொன்ன விடை தலைகீழாக இருந்தது.

வான் பியூரன் கட்சிப் பத்திரிகை ஒன்று ஹாரிஸனை ஏளனம் செய்து, அந்தக் கிழவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் சிறிது ஓய்வூதியமும் கொடுத்துவிட்டால் மரக்குடிசையில் நிம்மதியாகக் கிடப்பார் என்று எழுதியது. அதுதான் வினை. குடிசையில் வாழ்வது ஏளனத்துக்கு உரியதா என்று விக் கட்சியார் ஆர்த்தெழுந்தனர். மரக்குடிசைகளை வண்டிமேல் ஏற்றி ஊர்வலம் விட்டனர்; பீப்பாய்களைத் திறந்துவைத்தனர்; ஆளுயரப் பந்துகளை ஊருக்கு ஊர் உருட்டிச் சென்றனர். ஓஹையோவில் வசதியான பெரிய வீட்டில் வாழ்ந்துவந்த ஹாரிஸன் ஒரே இரவில் குடிசைவாசியானார்.

மறுபக்கத்து வேலையைப் பென்ஸில்வேனியாப் பிரதிநிதி சார்லஸ் ஓகில் பார்த்துக்கொண்டார். வெள்ளை மாளிகைப் பழுதுக்கும் தளவாடங்களுக்கும் 3,665 டாலர் ஒதுக்குவது குறித்து விவாதம் வந்தபோது, ஏப்ரல் மாதத்தில் மூன்று நாள் நீடித்த சொற்பொழிவொன்றை நிகழ்த்தினார். ஜனாதிபதியின் தங்கக் கரண்டிகள், வெள்ளித் தட்டுகள், கம்பளங்கள், உண்டபின் விரல் நனைக்கும் கிண்ணங்கள் என ஒவ்வொன்றாக எடுத்து வருணித்தார். அவற்றுள் பல முந்தைய ஜனாதிபதிகள் வாங்கியவை. அவர் கட்சியைச் சேர்ந்த மற்றோர் உறுப்பினரே எழுந்து, வான் பியூரன் தமக்கு முன்னிருந்தவர்களைவிடக் குறைவாகவே செலவிட்டார் என்று மறுத்துரைத்தார். மறுப்பை எவரும் அச்சிட்டு வழங்கவில்லை. ஓகிலின் சொற்பொழிவு ஆயிரக்கணக்கில் அச்சாகி ஊரெங்கும் பரவியது.

சொல்வன்மையில் இணையற்றவர் எனப் பெயர்பெற்ற டேனியல் வெப்ஸ்டரின் பாடு இன்னும் பரிதாபம். நான் மரக்குடிசையில் பிறக்கவில்லை, ஆனால் என் மூத்தோர் அங்கேதான் பிறந்தனர் என்று கூட்டத்தில் அவர் மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்ல நேர்ந்தது. ஹாரிஸன் 234-க்கு 60 என வாகை சூடினார். பதவியேற்புக்கு அவர் எழுதிவந்த உரையோ பண்டைய ரோமாபுரிச் செய்திகளால் நிரம்பியிருந்தது. அதைத் திருத்த அமர்ந்த வெப்ஸ்டர், ரோமானிய ஆட்சியாளர் பதினேழு பேரை இன்று கொன்றுவிட்டேன் என்று வேடிக்கையாகச் சொன்னாராம். அப்படியும் உரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீண்டது. இன்றளவும் பதவியேற்பு உரைகளில் அதுவே மிக நீளமானது. ஒரு மாதத்தில் ஹாரிஸன் காலமானார். ‘குடிசைவாசி’யின் ரோமாபுரிப் புலமையை வாக்காளர் நன்கு அறிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமற்போயிற்று.

இதன்பின் ஏறத்தாழ நூறாண்டைச் சுருக்கமாகக் கடக்கலாம். 1860-ல் ஆபிரகாம் லிங்கனை மரம் பிளந்து வேலி அமைத்தவராக அவர் கட்சியார் காட்டினர். அவர் உண்மையிலேயே குடிசையில் பிறந்தவர், எனினும் அப்போது ரயில்வே கம்பெனிகளுக்கு வழக்காடிய நல்ல வழக்கறிஞர். 1890-களில் உழவர்கள் கூடி அமைத்த மக்கள் கட்சி, வங்கியாளரையும் ரயில்வே முதலாளிகளையும் எதிர்த்தது. அங்கே சினத்தின் இலக்கு பணம். 1936-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பெருமுதலாளிகளைப் பொருளாதார அரச பரம்பரையினர் என்று சாடினார். அவர் பரம்பரைச் செல்வர், ஹார்வர்டில் படித்தவர், பேச்சிலும் உச்சரிப்பிலும் மேட்டுக்குடியின் சாயல் மாறாதவர். ஆயினும் மேட்டிமைப் பழி அவர்மேல் ஒட்டவில்லை. தம் இனத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று செல்வர்களே அவரை வெறுத்தனர். அவர் தங்களை இகழவில்லை, தங்கள் துன்பம் அவருக்குப் புரிகிறது என்று ஏழை மக்கள் நம்பினர்.

பெருந்திருப்பம் வந்தது 1950-களில். 1950 பிப்ரவரி 9-ல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் ஸெனட்டர் ஜோஸப் மெக்கார்த்தி பேசினார். நாட்டைக் காட்டிக்கொடுப்பவர் ஏழைகளோ சிறுபான்மையினரோ அல்லர்; சிறந்த வீடு, சிறந்த கல்லூரிப் படிப்பு, அரசாங்கத்தில் சிறந்த பதவி என எல்லா நலமும் பெற்றவர்களே என்பது அவர் சொன்னதன் சாரம். வெளிநாட்டு அமைச்சர் டீன் அச்செஸனின் கோடு போட்ட கால்சட்டையையும் ஆங்கிலேயரைப் போன்ற உச்சரிப்பையும் பரிகசித்தார். மெக்கார்த்தி சாட்டிய துரோகக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை. அவர் கால்சட்டையைப் பற்றிச் சொன்னது மட்டும் பலர் மனத்தில் பதிந்தது.

இரண்டாண்டு கழித்து ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற அட்லாய் ஸ்டீவன்ஸனுக்கு ‘முட்டைத் தலையர்’ என்ற பெயர் வந்தது. நெற்றி உயர்ந்து முடி குறைந்த, புத்தகம் படித்த மனிதர் என்பது அதன் குறிப்பு. எதிர்த்து நின்ற ஐஸன்ஹோவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியை வகித்தவர். அவரை எவரும் முட்டைத் தலையர் என்று சொல்லவில்லை. ஸ்டீவன்ஸன் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தபோது அவர் காலணியின் அடியில் ஓட்டை தெரிந்த புகைப்படம் நாடெங்கும் வெளிவந்தது. எடுத்தவருக்கு 1953-ல் புலிட்ஸர் பரிசும் கிடைத்தது. ஓட்டைக் காலணியும் அவரைச் சாமானியராக்க உதவவில்லை. 442-க்கு 89 எனத் தோற்றார். வியப்பு யாதெனில், அக்காலத்தில் பட்டதாரிகளுள் பெரும்பாலோர் ஐஸன்ஹோவரின் கட்சிக்கே வாக்களித்தனர்.

பணக்காரரை விட்டுப் படித்தவர்மேல் பழி ஏன் திரும்பியது? காரணம் இல்லாமல் இல்லை. முன்னாளில் உழவரும் தொழிலாளியும் அஞ்சி நின்றது நிலக்கிழார் முன்பும் வங்கி முதலாளி முன்பும். ரூஸ்வெல்ட் காலத்துக்குப் பின் அரசாங்கம் விரிந்தது. எந்த நிலத்தில் எவ்வளவு பயிரிடலாம், எந்தப் பள்ளியில் எதைக் கற்பிக்கலாம், எந்தத் தெருவை இடித்துச் சாலை போடலாம் என்று படிவத்துடன் வந்து சொன்னவர் பட்டதாரி அதிகாரி. 1950-ல் அந்நாட்டில் 25 வயதுக்கு மேற்பட்டோருள் பட்டம் பெற்றவர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேரே. 2022-ல் அது சுமார் 38 ஆயிற்று. பட்டமே நல்ல வேலைக்கும் மதிப்புக்கும் வாயில் என்றாகிவிட்ட நாட்டில், எஞ்சிய 62 பேர் தாம் தகுதியற்றவர் என்று அன்றாடம் சொல்லாமற் சொல்லப்படுகின்றனர். சங்க விழாவில் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குப் பரிசளித்து மகிழும் நமக்கு இதன் வேதனை எளிதில் புலப்படுவதில்லை.

வியட்நாம் போர் அவ்வேதனைக்கு ஓர் உருவம் கொடுத்தது. கட்டாயப் படைச்சேர்ப்பில் கல்லூரி மாணவருக்குத் தவணை கிடைத்தது. பள்ளியோடு படிப்பை நிறுத்தித் தொழிற்சாலைக்குச் சென்றவன் மகன் போர்முனைக்குச் சென்றான். மாணவருக்குப் புதிதாகத் தவணை வழங்குவது 1971-ல்தான் நின்றது. அந்தப் போரில் மாண்ட அமெரிக்கர் சுமார் 58,000 பேர். போரை எதிர்த்துப் பல்கலைக்கழக மாணவர் கொடி பிடித்தபோது, அவர்கள் சொன்னது சரியோ தவறோ, மகனைப் பறிகொடுத்த வீட்டார் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. 1969 அக்டோபரில் துணை ஜனாதிபதி ஸ்பைரோ அக்னியூ, போர் எதிர்ப்பாளரைத் தூண்டுவோர் தம்மை அறிவாளிகள் என்று சொல்லிக்கொள்ளும் திமிர் பிடித்த கூட்டம் என்று வைதார். அவர் தொட்டது மெய்யான புண். மருந்திட அவர் வரவில்லை. 1973-ல் வரி ஏய்ப்பு வழக்கில் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றுப் பதவி துறந்தார்.

பாஸ்டன் நகரத்துச் செய்தி இதைவிடக் கசப்பானது. அங்கே கறுப்புக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைத்தது சட்டவிரோதம் என்று 1974 ஜூனில் கூட்டாட்சி நீதிபதி ஆர்தர் காரிட்டி தீர்ப்பளித்து, மாணவரைப் பஸ்களில் ஏற்றிப் பள்ளி மாற்றும்படி ஆணையிட்டார். தீர்ப்பு நீதியானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஏழை ஐரிஷ் தொழிலாளர் வாழ்ந்த தென் பாஸ்டனும் ஏழைக் கறுப்பர் வாழ்ந்த ராக்ஸ்பரியும் தம் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நீதிபதி வாழ்ந்த வெல்லெஸ்லி என்னும் வளமான புறநகருக்கு அவ்வாணை பொருந்தவில்லை. ஜூலையில் டெட்ராய்ட் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற வாக்கில், தவறு செய்ததாக மெய்ப்பிக்கப்படாத புறநகர்களை இத்தகைய திட்டத்தில் இழுக்கலாகாது என்று முடிவு செய்தது. செப்டம்பரில் ஸெனட்டர் எட்வர்ட் கென்னடி பாஸ்டன் கூட்டத்தில் பேச முயன்றபோது, உம் பிள்ளைகள் தனியார் பள்ளியில் அல்லவா படிக்கின்றனர் என்று கூவி விரட்டினர்.

அந்தக் கூவலில் உண்மை இருந்தது. நீதியின் விலையை விதிப்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு எந்த நாட்டிலும் நெஞ்சைச் சுடும். ஆனால் சில நாள் கழித்துத் தென் பாஸ்டனில் பறந்த கற்கள் வெல்லெஸ்லிக்குப் போகவில்லை. பஸ்ஸில் அமர்ந்திருந்த கறுப்புக் குழந்தைகள்மேல் விழுந்தன.

அண்மைக் காலச் செய்திகளைப் பலரும் அறிவர். 1988-ல் ஸெனட்டரின் மகனும் யேல் பட்டதாரியுமான ஜார்ஜ் புஷ், கிரேக்கக் குடியேறிகளின் மகனான டுகாக்கிஸை ஹார்வர்டு மனிதர் என்று பழித்து வென்றார். யேலும் அப்படித்தானே என்று கேட்டதற்கு, ஹார்வர்டுக்குள்ள பெயர் வேறு என்று சமாதானம் சொன்னார். 2003-ல் ஜான் கெர்ரி பிலடெல்பியாவில் அவ்வூர் இறைச்சி ரொட்டிக்குச் சுவிஸ் சீஸ் கேட்டது பெருங்குற்றமாயிற்று. மறு ஆண்டு அவரை வென்ற இளைய புஷ்ஷும் அவரும் ஒரே யேலில் ஒரே இரகசியச் சங்கத்தில் இருந்தவர்கள். 2008-ல் ஒபாமா, வேலை இழந்த சிற்றூர் மக்கள் கசப்பினால் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கின்றனர் என்று ஸான் பிரான்ஸிஸ்கோ செல்வர் கூட்டத்தில் சொன்னது வெளிவந்தது. தாயாலும் பாட்டி பாட்டனாராலும் வளர்க்கப்பட்டு, கடன் வாங்கிப் படித்த அவர் மேட்டிமையாளர் எனப்பட்டார். அவரை எதிர்த்த மெக்கெய்னுக்கோ தமக்கு எத்தனை வீடுகள் என்றே உடனே சொல்ல முடியவில்லை. 2012-ல் ராம்னி நாட்டில் 47 சதவீதத்தினரைப் பற்றியும், 2016-ல் ஹிலாரி கிளின்டன் எதிராளியின் ஆதரவாளருள் பாதிப்பேரைப் பற்றியும் இழிவாகச் சொன்ன சொற்கள் அவர்களைத் துரத்தின. இரண்டும் நன்கொடையாளர் கூட்டங்களில் சொல்லப்பட்டவை. ஒத்த மனத்தினர் மத்தியில் உதிர்த்த சொல் ஊர் முழுதும் கேட்டுவிட்டது. அதுதான் அவர்கள் மாட்டிக்கொண்ட இடம். 2018-ல் ஜனாதிபதி டிரம்ப் தம் கூட்டங்களில் புதிதாக ஒரு வழி கண்டார்: அவர்களை ஏன் உயர்ந்தோர் என்கிறீர்கள், அவர்களைவிட எனக்கு நல்ல வீடு உண்டு, நானே அதிகப் பணக்காரன், நாமே உயர்ந்தோர் என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. பொன் பூசிய மாடத்தை அவர் மறைக்கவில்லை. அதனுள்ளிருந்து தங்களை எவரும் இகழவில்லை என்று அக்கூட்டம் கருதியது.

ஆடம்ஸ் கதையில் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டோம். வானத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லி நாடே நகைத்த பின்னர், 1842-ல் ஓஹையோ மாகாணத்தில் ஆர்ம்ஸ்பி மிட்செல் என்னும் ஆசிரியர் வானியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பிறகு வீடு வீடாக, கடை கடையாகச் சென்று ஒரு வானாராய்ச்சி நிலையத்துக்கு 25 டாலர் பங்குகள் சேர்த்தார். ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். வணிகரும் கைத்தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். கையில் பணமில்லாதோர் சிலர் உழைப்பைப் பங்காகக் கொடுத்தனர். ஊர் சின்சினாட்டி, பரம்பரைப் பிரபுக்களின் கூடாரம் என்று முன்பு ஏசப்பட்ட அதே சங்கத்தின் பெயரை இட்ட ஊர். அடிக்கல் நாட்ட ஆடம்ஸை அழைத்தனர். 76 வயதில், தள்ளாமையோடு, ரயிலிலும் படகிலும் வண்டியிலும் நெடுந்தூரம் பயணம் செய்து வந்தார். 1843 நவம்பர் 9-ல் மழை கொட்டியது. மலைமேல் சேற்றில் குடை பிடித்து நின்ற கூட்டத்தின் நடுவே அவர் கல்லை நாட்டினார். சொற்பொழிவை மறுநாள் கோயிலொன்றில் நிகழ்த்தினார். ம்யூனிக்கிலிருந்து வரவழைத்த தொலைநோக்கி 1845-ல் பொருத்தப்பட்டது. பங்கு வாங்கியோர் வரிசையில் நின்று, தத்தம் முறை வந்தபோது, வானத்தைப் பார்த்தனர்.